ஸ்கைரிமில் மோட்களைத் தேடி, அடுக்கி, சிக்கலில்லாமல் இன்ஸ்டால் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்கைரிம் 2011 நவம்பரில் வெளிவந்த வீடியோ விளையாட்டு. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் அதற்கு முக்கியக் காரணம் மோட்கள்தான், அதாவது விளையாட்டை மாற்ற ரசிகர்கள் உருவாக்கும் கூடுதல் ஃபைல்கள். முகங்கள், வானிலை, சண்டை, குகைகள், புதிய நிலப்பரப்புகள் என்று மாற்றாத இடமே இல்லை. ஆனால் புதிதாக வருகிறவர்களில் பலர் ஒரே வாரத்தில் வெறுத்துப்போய் மோட்களையே விட்டுவிடுகிறார்கள். ஒரே மாலையில் இருபது முப்பது மோட்களை இறக்குவார்கள், எல்லாவற்றையும் விளையாட்டின் டேட்டா ஃபோல்டரில் கொட்டுவார்கள், கிராஷ் ஆகும். எந்த ஃபைல் எந்த மோடிலிருந்து வந்தது என்று தெரியாது. கடைசியில் விளையாட்டையே அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வார்கள்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு விதியின் மேல் நிற்கிறது: எந்த மோடைச் சேர்த்தாலும், அதை மட்டும் தனியாகத் திரும்ப எடுக்க முடிய வேண்டும். தேடுவது, அடுக்குவது, இன்ஸ்டால் செய்வது எல்லாமே இந்த விதிக்கு உட்பட்டு நடந்தால் நூற்றுக்கணக்கான மோட்களோடும் நிம்மதியாக விளையாடலாம்.

விண்டோஸில், ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை வழியாக வாங்கிய ஸ்பெஷல் எடிஷனை வைத்து எழுதுகிறேன். 2016 அக்டோபரில் வந்த 64-பிட் பதிப்பு அது. 2021-இல் வந்த ஆனிவர்சரி எடிஷன் என்பது இதே விளையாட்டோடு கூடுதல் உள்ளடக்கம் சேர்ந்தது, அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒரே மோட்கள் பொருந்தும். 2011-இன் பழைய 32-பிட் பதிப்பு வேறு. அதற்கான மோட்களை அப்படியே எடுத்துப் போட்டால் சிக்கல் வரும்.

தொடங்கும் முன்: விளையாட்டைத் தயார் செய்தல்

ஸ்டீம் வழக்கமாக விளையாட்டுகளை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் வைக்கும். விண்டோஸ் அந்த ஃபோல்டரைத் தனியாகப் பாதுகாக்கிறது. மோட் கருவிகள் அங்கே எழுதப் போனால் அனுமதி மறுக்கும், சில நேரம் சத்தமே இல்லாமல் வேறு இடத்தில் எழுதிவிடும். அதனால் ஸ்டீமிலேயே புதிய லைப்ரரி ஒன்றை வேறு இடத்தில் உருவாக்கி, விளையாட்டை அங்கே நகர்த்திவிடுங்கள். எஸ்எஸ்டி இருந்தால் அதிலேயே வையுங்கள்.

அப்புறம் விளையாட்டை மோட் எதுவும் இல்லாமல் ஒரு தடவை திறந்து, முதல் மெனு வரை போய் மூடுங்கள். கிராஃபிக்ஸ் அமைப்புகளுக்கான ஐஎன்ஐ ஃபைல்கள் அப்போதுதான் உருவாகும்.

அடுத்தது பதிப்பு எண். விளையாட்டின் இஎக்ஸ்இ ஃபைலை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போனால் 1.6.1170 என்றோ 1.5.97 என்றோ இருக்கும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதி முடிவுகளுக்கு இந்த எண்தான் அடிப்படை.

ஸ்டீமில் இந்த விளையாட்டின் பிராப்பர்டீஸுக்குப் போய், அப்டேட்ஸ் பகுதியில் 'விளையாட்டைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்' என்ற தேர்வை வையுங்கள். 2023 டிசம்பரில் 1.6.1130 என்ற அப்டேட் வந்தபோது, அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஏராளமான மோட் அமைப்புகள் ஒரே இரவில் நின்றுபோயின. விளையாட்டு எப்போது மாற வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தேடுதல்: மோட் பக்கத்தை எப்படிப் படிப்பது

ஸ்கைரிம் மோட்களுக்கு முதன்மையான இடம் நெக்ஸஸ் மோட்ஸ். பதிவு செய்ய இலவசம். உள்ளே போனதும் பழைய ஸ்கைரிமுக்கும் ஸ்பெஷல் எடிஷனுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருப்பதைக் கவனியுங்கள். கூகுளில் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் பழைய பகுதிக்குள் போய் விழுகிறார்கள்.

தேடும்போது, பயனர்கள் தரும் பாராட்டான எண்டார்ஸ்மென்டின் எண்ணிக்கையை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் பல ஆண்டுகளுக்கு முன் புகழ்பெற்ற மோட்கள்தான் மேலே வரும். அவற்றில் சில இன்றும் அருமையானவை. வேறு சிலவற்றுக்கு அதைவிட இலகுவான, சுத்தமான மாற்று வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அதனால் வகையைத் தேர்ந்தெடுத்து இரண்டு விதமாகப் பாருங்கள்: ஒரு முறை எண்டார்ஸ்மென்ட் வரிசையில், இன்னொரு முறை கடைசியாக அப்டேட் ஆன வரிசையில். இரண்டிலும் தென்படுகிற மோட் என்றால் நம்பி உள்ளே போகலாம்.

பக்கத்தைத் திறந்ததும் அழகான படங்களை விட்டுவிட்டு நேராக ரிக்வயர்மென்ட்ஸ் பகுதியைத் திறங்கள். இந்த மோட் ஓட வேறு எந்தெந்த மோட்கள் வேண்டும் என்று அங்கே இருக்கும். எடுத்துக்காட்டாக, எல்லோரும் முதலில் போடுகிற ஸ்கைஎஸ்யூஐ எனப்படும் மெனு மோடின் பக்கத்தில் எஸ்கேஎஸ்இ என்ற கருவி (அதைப் பற்றிப் பின்னால்) வேண்டும் என்றிருக்கும். அதைப் படிக்காமல் போட்டால் விளையாட்டு திறந்ததும் எச்சரிக்கைச் செய்திதான் வரும். அதே பகுதியில் இந்த மோடை நம்பியிருக்கும் மற்ற மோட்களின் பட்டியலும் இருக்கும். இரண்டு பெரிய மோட்களைச் சேர்ந்து ஓடவைக்கும் பேட்ச்கள் பல நேரம் அங்கேதான் அகப்படும்.

அடுத்து போஸ்ட்ஸ் பகுதி. மேலே ஒட்டி வைத்திருக்கும் பதிவையும், கடைசி ஓரிரு பக்கங்களையும் மட்டும் படித்தால் போதும். 'புதிய பதிப்பில் கிராஷ் ஆகிறது' என்று பலர் சொல்லியும் பதிலே இல்லையென்றால் அந்த மோடைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள்.

ஃபைல்ஸ் பகுதியில் மெயின், ஆப்ஷனல், ஓல்ட் என்று பிரித்து வைத்திருப்பார்கள். மேலே இருப்பதுதான் உங்களுக்கானது என்று நினைக்க வேண்டாம். உங்கள் பதிப்பு எண்ணுக்கு எது என்று ஒவ்வொரு ஃபைலின் கீழும் எழுதியிருப்பதைப் பாருங்கள். 1.5.97-இல் இருப்பவர்களுக்கான ஃபைல் ஓல்ட் பிரிவில்கூட இருக்கலாம்.

பிடித்த மோடை உடனே இறக்காமல் டிராக் பட்டனை அழுத்தி உங்கள் கண்காணிப்புப் பட்டியலில் வையுங்கள். அந்தப் பட்டியலில் ஒரு வாரம் கழித்தும் வேண்டும் என்று தோன்றுகிற மோட்களை மட்டும் இறக்கினால், பாதிச் சிக்கல் வாசலிலேயே நின்றுவிடும்.

மோட் மேனேஜர்: ஏன் இது இல்லாமல் முடியாது

மோட் மேனேஜர் என்பது மோட்களை இன்ஸ்டால் செய்யவும் அடுக்கவும் நீக்கவும் உதவும் மென்பொருள். இதில் இரண்டு பெயர்களை அதிகம் கேள்விப்படுவீர்கள். ஒன்று வோர்டெக்ஸ், இன்னொன்று மோட் ஆர்கனைசர் 2. இரண்டும் இலவசம். வோர்டெக்ஸ் மோட் ஃபைல்களுக்கு டேட்டா ஃபோல்டருக்குள் ஹார்ட் லிங்க் போடுகிறது, அதாவது ஒரே ஃபைல் இரண்டு இடங்களில் தெரியும்படி செய்கிறது. மோட் ஆர்கனைசர் அங்கே எதையும் வைப்பதே இல்லை. ஒவ்வொரு மோடும் தன் சொந்த ஃபோல்டரில் இருக்கும். விளையாட்டைத் திறக்கும் நேரத்தில் மட்டும் எல்லாம் டேட்டா ஃபோல்டருக்குள் இருப்பது போல விளையாட்டுக்குக் காட்டும். மூடியதும் டேட்டா ஃபோல்டர் பழையபடி சுத்தமாக இருக்கும்.

பத்து இருபது மோட் போதும் என்பவருக்கு வோர்டெக்ஸ் தாராளமாகப் போதும். அதற்கு மேல் போகப்போகிறீர்கள் என்றால் மோட் ஆர்கனைசரைத்தான் பரிந்துரைப்பேன். எந்த மோட் எதை மறைக்கிறது என்பதைக் கண்ணெதிரே காட்டுவதில் அதற்கு நிகரில்லை. இனி வருவதெல்லாம் அதை வைத்தே.

மோட் ஆர்கனைசரை விளையாட்டின் ஃபோல்டருக்குள் போடாதீர்கள். டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி அங்கே இன்ஸ்டால் செய்யுங்கள். முதல் தடவை திறக்கும்போது போர்ட்டபிளா குளோபலா என்று கேட்கும். போர்ட்டபிள் என்றால் மோட்கள், டவுன்லோட்கள், புரொஃபைல்கள் (எந்தெந்த மோட் ஓட வேண்டும் என்ற தனித்தனி அமைப்புகள்) எல்லாம் அந்த ஒரே ஃபோல்டரில் அடங்கிவிடும். காப்புப் பிரதி எடுக்கவும் வேறு கணினிக்கு மாற்றவும் எளிது. பிறகு நெக்ஸஸ் கணக்கை இணைத்துவிட்டால், மோட் பக்கத்தில் மேனேஜர் டவுன்லோட் பட்டனை அழுத்தினாலே ஃபைல் நேராக இங்கே வந்து சேரும். இப்படி இறக்கினால் மோடின் பக்கம், பதிப்பு போன்ற விவரங்களும் ஃபைலோடு சேர்ந்தே வரும். புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பின்னால் ஒரே கிளிக்கில் பார்க்கலாம்.

அடித்தளம்: முதலில் போட வேண்டியவை

எஸ்கேஎஸ்இ என்பது விளையாட்டுக்குள் ஓடும் சிறு நிரல்களான ஸ்கிரிப்ட்களின் திறனை விரிவாக்கும் கருவி. பெரிய மோட்களில் பாதிக்கு மேல் இதை நம்பித்தான் இருக்கின்றன. இது உங்கள் விளையாட்டின் பதிப்பு எண்ணுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். இதன் இஎக்ஸ்இ, டிஎல்எல் ஃபைல்கள் மட்டும் விளையாட்டின் முதன்மை ஃபோல்டருக்குள், அதாவது விளையாட்டின் இஎக்ஸ்இ இருக்கும் இடத்துக்கே, கையால் போக வேண்டும். நம் விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. அதோடு வரும் ஸ்கிரிப்ட் ஃபைல்களை மோட் ஆர்கனைசரில் சாதாரண மோட் போல இன்ஸ்டால் செய்யலாம்.

இனி விளையாட்டைத் திறப்பது எப்போதும் மோட் ஆர்கனைசருக்குள்ளிருந்து, எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகத்தான். ஸ்டீமில் பிளே அழுத்தினால் மோட் எதுவும் ஓடாது, அப்டேட்டும் உள்ளே வந்துவிடும். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, விளையாட்டுக்குள் கட்டளைகளை அடிக்கும் கன்சோல் சாளரத்தைத் திறந்து 'கெட் எஸ்கேஎஸ்இ வெர்ஷன்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடியுங்கள். பதிப்பு எண் வந்தால் சரி.

அடுத்து அட்ரஸ் லைப்ரரி. எஸ்கேஎஸ்இ பிளக்-இன்கள், அதாவது எஸ்கேஎஸ்இ வழியாக ஓடும் டிஎல்எல் வகை மோட்கள், விளையாட்டின் நினைவக முகவரிகளைக் கண்டுபிடிக்க இது உதவுகிறது. 1.5-க்கு ஒன்று, 1.6-க்கு ஒன்று என்று இரண்டு ஃபைல் இருக்கும், மாற்றிப் போட்டுவிடாதீர்கள். பிறகு விளையாட்டின் பிழைகளைத் திருத்த ரசிகர்கள் உருவாக்கிய அன்அஃபீஷியல் பேட்ச், ஸ்கைஎஸ்யூஐ, கிராஷ் ஆன காரணத்தைப் பதிவு செய்யும் ஒரு கிராஷ் லாகர். கிராஷ் லாகரைப் பிரச்சினை வந்த பிறகு போடலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் கிராஷிலேயே அது இருந்தால்தான் பயன்.

இவற்றை மட்டும் வைத்து விளையாட்டைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். இது ஓடினால்தான் மேலே போக வேண்டும்.

ஒரு மோடை இன்ஸ்டால் செய்வது

வலது பக்கம் டவுன்லோட்ஸ் பகுதியில் இருக்கும் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்தால் இன்ஸ்டால் தொடங்கும். சில மோட்கள் கேள்விகள் கேட்கும் சாளரத்தோடு வரும். டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்பில் ஒட்டும் படம்) 2கேயா 4கேயா, இன்ன மோட் உங்களிடம் இருக்கிறதா என்பது போல. இல்லாத மோடுக்கான பேட்சைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வேறு சிலவற்றில் ஃபைல்களின் மரம் போன்ற பட்டியல் தோன்றி, டேட்டாவின் அமைப்பு சரியில்லை என்று செய்தி வரும். மோடை உருவாக்கியவர் ஒரு ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டராக வைத்துப் பொதிந்திருப்பார், அதுதான் காரணம். மெஷஸ் (பொருட்களின் வடிவங்கள்), டெக்ஸ்சர்ஸ், ஸ்கிரிப்ட்ஸ் போன்ற ஃபோல்டர்கள் எதற்குள் நேரடியாக இருக்கின்றனவோ, அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து டேட்டா டைரக்டரியாக வைக்கச் சொல்லுங்கள். செய்தி பச்சையாக மாறினால் ஓகே கொடுக்கலாம். இதைச் செய்யாமல் விட்டால் மோட் பட்டியலில் இருக்கும், விளையாட்டில் தெரியாது.

பெயர் கேட்கும் இடத்தில் சோம்பல் வேண்டாம். நெக்ஸஸில் இருக்கும் முழுப் பெயரையே வையுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது என்ன தேர்வு செய்தீர்கள், எதற்காகப் போட்டீர்கள் என்பதை மோடின் நோட்ஸ் பகுதியில் ஒரு வரி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து இதைப் பார்த்து மகிழ்ச்சி அடைவீர்கள்.

அடுக்குதல்: இரண்டு வரிசைகள்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மோட் ஆர்கனைசரில் இடது பக்கம் ஒரு வரிசை, வலது பக்கம் ஒரு வரிசை. இரண்டும் வெவ்வேறு வேலைக்கு.

இடது வரிசை ஃபைல்களுக்கானது. இரண்டு மோட்கள் ஒரே பெயரில், ஒரே இடத்தில் ஒரு டெக்ஸ்சரை வைத்திருந்தால் வரிசையில் கீழே இருப்பது வெல்லும். சுவருக்கு வண்ணம் அடிப்பது போலத்தான். கடைசியாக அடித்தது கண்ணுக்குத் தெரியும். ஆகவே நிலம் முழுவதையும் மாற்றும் பெரிய டெக்ஸ்சர் தொகுப்பு மேலே, ஒரே ஒரு மேசையை மட்டும் மாற்றும் மோட் கீழே. வரிசையில் மோடின் பெயருக்கு அருகே மின்னல் குறியும் பச்சைக் கூட்டல் குறியும் இருந்தால் அது மற்றொன்றை மறைக்கிறது; சிவப்புக் கழித்தல் குறி இருந்தால் அது மறைக்கப்படுகிறது. இந்தக் குறிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். யார் வெல்ல வேண்டும் என்று நீங்கள் நினைத்தீர்களோ அவர் வென்றிருந்தால் போதும்.

இடது வரிசையில் செப்பரேட்டர் எனப்படும் தலைப்புக் கோடுகளைப் போடலாம். அடித்தளம், மெனு, டெக்ஸ்சர், வானிலை, நகரங்கள், மனிதர்கள், சண்டை, கதைகள், பேட்ச்கள் என்று நான் பிரிப்பேன். பேட்ச்கள் எப்போதும் கடைசியில். இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டாலே நூறு மோட் உள்ள பட்டியலும் ஒரே பார்வையில் புரியும்.

வலது வரிசை பிளக்-இன்களுக்கானது. இஎஸ்எம், இஎஸ்பி, இஎஸ்எல் என்று முடியும் ஃபைல்கள் இவை. விளையாட்டின் தரவுகளை, அதாவது ஒரு வாளின் எடை, ஒரு கடைக்காரரின் சரக்கு, ஒரு ஊரின் அமைப்பு போன்றவற்றை இவை மாற்றும். முழுப் பிளக்-இன்கள் 254 வரைதான் ஏற்கும். விளையாட்டின் சொந்த ஐந்து இஎஸ்எம் ஃபைல்களும் அதற்குள் அடக்கம். இஎஸ்எல் குறி வைத்த இலகுவான பிளக்-இன்கள் எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்வதால் அவை 4096 வரை போகலாம். ஒரே மோடுக்கு இரண்டு வகையும் கிடைத்தால் இலகுவானதை எடுங்கள்.

இன்னொரு விஷயம். 1.6.1130-க்குப் பிறகு பிளக்-இன்களின் தலைப்பு வடிவமே புதுப்பிக்கப்பட்டது. பழைய பதிப்பில் இருந்துகொண்டு புதிய வடிவத்தில் சேமித்த பிளக்-இனைப் போட்டால் கிராஷ் ஆகலாம். அதற்கென்றே பீஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் எஸ்கேஎஸ்இ பிளக்-இன் ஒன்று இருக்கிறது. 1.5.97-இலேயே தங்க விரும்புகிறவர்கள் அதை அடித்தளத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

பிளக்-இன்களை வரிசைப்படுத்த லூட் என்ற கருவி உண்டு. பொதுமக்கள் சேர்ந்து பராமரிக்கும் ஒரு பெரிய விதிப் பட்டியலை வைத்து அது அடுக்கித் தரும். என்ன குறைகிறது, எது எதோடு ஒத்துப்போகாது என்றும் சொல்லும். வரிசையைவிட அந்தச் செய்திகள்தான் முக்கியம், விடாமல் படியுங்கள். மாஸ்டர் இல்லை என்று ஒரு பிளக்-இன் காட்டினால், அது நம்பியிருக்கும் வேறொரு ஃபைல் இல்லை என்று பொருள். அப்படியே திறந்தால் முதல் மெனு வருவதற்குள்ளேயே விளையாட்டு விழும்.

லூட்டால் உங்கள் விருப்பத்தை அறிய முடியாது. ஒரு மோட் இரும்பு வாளின் சேதத்தைக் கூட்டுகிறது, இன்னொன்று அதே வாளின் எடையைக் குறைக்கிறது என்று வையுங்கள். பிளக்-இனில் வாளின் பதிவு முழுவதுமாகத்தான் சேமிக்கப்படும். அதனால் கடைசியில் இருப்பது எடையை மட்டும் மாற்ற நினைத்தாலும், முதலாவது கூட்டிய சேதத்தையும் பழைய எண்ணுக்கே கொண்டுவந்துவிடும். எஸ்எஸ்இ எடிட் என்ற கருவியில் அந்தப் பதிவைத் திறந்தால் மூன்று பத்திகள் தெரியும்: விளையாட்டின் மூல மதிப்புகள், முதல் மோட், இரண்டாவது மோட். புதிதாக ஒரு சிறிய இஎஸ்பி உருவாக்கி, சேதத்தை முதலாவதிலிருந்தும் எடையை இரண்டாவதிலிருந்தும் இழுத்துப் போட்டுச் சேமித்தால் அதுதான் பேட்ச். இதைக் கற்றுக்கொள்ள ஒரு சாயங்காலம் போதும். கற்ற பிறகு மற்றவர் பேட்ச் வெளியிடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சோதித்தல், நீக்குதல், கிராஷ்

ஒரே நேரத்தில் நான்கைந்து மோட்களுக்கு மேல் சேர்க்காதீர்கள். சேர்த்ததும் முதல் மெனுவிலேயே கன்சோலைத் திறந்து, சிஓசி கட்டளையோடு ரிவர்வுட் ஊரின் பெயரை அடித்தால் நேரே அந்த ஊருக்குப் போய்விடுவீர்கள். சுற்றி நடந்து பாருங்கள், ஒரு வீட்டுக்குள் போய் வாருங்கள். இப்படித் தொடங்கியதைச் சேமித்து விளையாட்டைத் தொடர வேண்டாம்; தொடக்கக் கதை முறையாக ஓடாததால் பின்னால் பல விஷயங்கள் தடுமாறும். இது சோதனைக்கு மட்டும்.

நடுவில் மோடை நீக்குவது பற்றி ஒரு எச்சரிக்கை. டெக்ஸ்சர், மெஷ் மட்டும் உள்ள மோட்களை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஸ்கிரிப்ட் உள்ள மோட்கள் அப்படியல்ல. அவற்றின் தரவு உங்கள் சேவ் ஃபைலுக்குள்ளேயே பதிந்துவிடும். அதனால் அவற்றை நீக்க வேண்டுமென்றால், அந்த மோடைச் சேர்ப்பதற்கு முந்தைய சேவுக்குத் திரும்புங்கள், அல்லது புதிய ஆட்டத்தைத் தொடங்குங்கள். மோட் ஆர்கனைசரில் புரொஃபைல் ஒவ்வொன்றுக்கும் தனி சேவ்கள் வைக்கும் வசதி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்துக்கு ஒரு புரொஃபைல், சோதனைக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது.

கிராஷ் ஆனால் டாக்குமென்ட்ஸுக்குள் மை கேம்ஸ், அதற்குள் ஸ்பெஷல் எடிஷன் ஃபோல்டர், அதற்குள் எஸ்கேஎஸ்இ என்று போனால் லாக் ஃபைல் இருக்கும். எல்லாம் புரிய வேண்டும் என்றில்லை. மேல் பகுதியில் ஏதேனும் மோடின் பெயரோ, டெக்ஸ்சர் பெயரோ, டிஎல்எல் பெயரோ திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஒன்றும் பிடிபடவில்லையென்றால் சோதனை புரொஃபைலில் பாதி மோட்களை அணைத்துப் பாருங்கள். கிராஷ் நின்றால் குற்றவாளி அந்தப் பாதியில் இருக்கிறது. அதையும் பாதியாக்குங்கள். நூற்றுக்கணக்கான மோட்கள் இருந்தாலும் எட்டு ஒன்பது சுற்றில் பிடித்துவிடலாம்.

ஆயத்தத் தொகுப்புகள்

இதெல்லாம் வேண்டாம், யாராவது அடுக்கிக் கொடுத்தால் போதும் என்பவர்களுக்கு நெக்ஸஸின் கலெக்‌ஷன்ஸ், வாபஜாக் என்று இரண்டு வழிகள் உண்டு. முன்னது வோர்டெக்ஸோடு இயங்கும். பின்னது மற்றவரின் முழு மோட் ஆர்கனைசர் அமைப்பையே உங்கள் கணினியில் அப்படியே கட்டித் தரும். நெக்ஸஸில் கட்டணக் கணக்கு இல்லையென்றால் ஒவ்வொரு ஃபைலுக்கும் நீங்களே கிளிக் செய்ய வேண்டியிருக்கும், வேகமும் குறைவு. பெரிய பட்டியல்களுக்கு 100 ஜிபிக்கு மேல் இடம் தேவைப்படும். இறக்கிய பட்டியலில் உங்கள் விருப்பத்துக்கு மோட்களைச் சேர்க்கத் தொடங்கினால், அதை உருவாக்கியவரிடம் உதவி கேட்கும் உரிமை அத்தோடு போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீங்களே மோட் வெளியிட்டால்

மற்றவர் எளிதாகக் கண்டுபிடித்து இன்ஸ்டால் செய்யும்படி வெளியிடுவது உங்கள் கையில். பெயரிலேயே மோட் என்ன செய்கிறது என்று தெரியட்டும். விளக்கத்தின் முதல் இரண்டு வரியில் அது எதை மாற்றுகிறது, எந்தப் பதிப்புகளில் ஓடும் என்று எழுதுங்கள். பின்னணிக் கதை அதற்குப் பிறகு வரட்டும். தேவையான மோட்களை விளக்கத்தில் மட்டும் சொல்லாமல் ரிக்வயர்மென்ட்ஸ் பகுதியிலும் முறையாகச் சேருங்கள். அனுமதிப் பகுதியை நிரப்புங்கள். பேட்ச் செய்ய விரும்புகிறவர் உங்களுக்குச் செய்தி அனுப்பிக் காத்திருக்க வேண்டியிருக்காது. நடு ஆட்டத்தில் சேர்க்கலாமா, நீக்கலாமா என்பதற்கு ஒரு வரி எழுதினால் பல கேள்விகள் வராமலே போகும்.

முக்கியமாக, ஒரு முறை வெளியிட்ட பிறகு பிளக்-இன் ஃபைலின் பெயரை மாற்றாதீர்கள். இஎஸ்எல் ஆக்குவதற்காக உள்ளே ஒவ்வொரு பதிவுக்கும் உரிய அடையாள எண்களான ஃபார்ம் ஐடிகளைச் சுருக்குவதையும் வெளியிடும் முன்பே செய்துவிடுங்கள். பின்னால் செய்தால், உங்கள் மோடுக்காக மற்றவர்கள் உருவாக்கிய பேட்ச்கள் எல்லாம் இல்லாத பதிவுகளைத் தேடும். ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருப்பவரின் பெட்டியில் இருந்த உங்கள் வாளும் அடுத்த தடவை சேவ் ஃபைலைத் திறக்கும்போது காணாமல் போயிருக்கும். அப்படி மாற்றியே தீர வேண்டும் என்றால் புதிய பதிப்பு எண் கொடுத்து, பழைய ஃபைலை ஓல்ட் பிரிவில் விட்டுவைத்து, புதிய ஆட்டத்துக்கு மட்டும் என்று ஃபைலின் கீழேயே எழுதிவிடுங்கள்.